வலிய நாடுகளின் மக்கள் கருத்தும் உயிரித் தொழில்நுட்பத்தின் போக்கும்

ஒரு கண்டுபிடிப்பு ஆய்வுக்கூடத்தில் பிறக்கிறது. அது பயிராக வயலுக்கும் மருந்தாக நோயாளிக்கும் வந்து சேருமா என்பதை ஆய்வுக்கூடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆய்வுக்கு நிதி தருவது அரசு. விளைபொருளை வாங்குவது சந்தை. அனுமதி தருவது சட்டம். உயிரித் தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை இந்த மூன்றும் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், அண்மைக் காலமாகச் சீனா என விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில் குவிந்துள்ளன. அங்குள்ள வாக்காளரும் நுகர்வோரும் எதை ஏற்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதன் விளைவு அந்நாட்டு எல்லையோடு நிற்பதில்லை. அது ஜாம்பியாவின் உணவுக் கிடங்கையும் கோயம்புத்தூரின் கத்தரி ஆய்வையும் எட்டியிருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தத் தாக்கம் தொழில்நுட்பத்தை அடியோடு நிறுத்தியது அரிது. அதன் இடத்தையும் உரிமையாளரையும் மாற்றியது. ஏழை நாடுகளுக்குத் தேவையான பயன்பாடுகளைப் பின்வரிசைக்குத் தள்ளியது.

மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறை 1972, 1973 ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் உருவானது. அதன் ஆபத்தைப் பற்றி முதலில் குரல் எழுப்பியவர்கள் அத்துறையினரே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பால் பெர்க் தலைமையில் அறிவியலாளர் சிலர், சிலவகைச் சோதனைகளைத் தாமாகவே நிறுத்திவைக்கும்படி 1974இல் உலக ஆய்வாளர்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியக் கடற்கரையில் உள்ள அசிலோமரில் ஏறத்தாழ 140 பேர் கூடிப் பாதுகாப்பு விதிகளை விவாதித்தனர். அவற்றை அடியொற்றி 1976இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் நெறிமுறைகளை வெளியிட்டது. அசிலோமரில் கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் அறிவியலாளர்கள்; உடன் சில வழக்கறிஞர்களும் செய்தியாளர்களும் இருந்தனர். இந்தச் சோதனைகள் நடக்கும் ஊரின் மக்கள் யாரும் அங்கே இல்லை.

அந்தக் குறை மறு ஆண்டே வெளிப்பட்டது. ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய இரண்டும் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், 1976 ஜூன், ஜூலை மாதங்களில் மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி நகர மன்றத்தில் பொது விசாரணை நடத்தினார். பேராசிரியர்கள் மேயரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. பிறகு நகரவாசிகளைக் கொண்ட மறுஆய்வுக் குழு ஒன்று அமைந்தது. எண்ணெய் வணிகர், பொறியாளர், செவிலியர் எனப் பலதுறையினர் அதில் இருந்தனர்; மரபணு ஆய்வாளர் எவரும் இல்லை. மாதக்கணக்கில் சாட்சியம் கேட்டபின், கட்டுப்பாடுகளோடு ஆய்வை அனுமதிக்கலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1977 பிப்ரவரியில் அது நகரச் சட்டமாயிற்று. இதனால் அறிவியல் அந்நகரை விட்டு ஓடிவிடும் என்று அஞ்சியவர்களின் கணிப்புப் பொய்த்தது. விதி தெளிவாக எழுதப்பட்டிருந்ததால் நிறுவனங்கள் அங்கே வரத் துணிந்தன. 1982இல் பயோஜென் அந்நகரில் ஆய்வுக்கூடம் அமைத்தது. இன்று அந்நகரின் கெண்டால் சதுக்கப் பகுதி உலகில் உயிரித் தொழில் நிறுவனங்கள் மிக அடர்ந்துள்ள இடங்களில் ஒன்று. மக்கள் கருத்து என்றாலே அறிவியலுக்குத் தடை என்ற எண்ணத்தைத் திருத்திக்கொள்ள இந்த ஒரு நகரின் வரலாறு போதும். மக்களைக் கேட்டு எழுதிய விதி ஆய்வுக்குத் தடையாக இல்லை, பாதுகாப்பாகவே அமைந்தது.

ஜெர்மனியில் நடந்தது இதற்கு நேர்மாறு. மரபணு மாற்றிய நுண்ணுயிரியிலிருந்து எடுத்த மனித இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபிராங்ஃபர்ட் நகரின் ஹோக்ஸ்ட் நிறுவனம் அதைத் தயாரிக்கும் ஆலைக்கு 1984இல் விண்ணப்பித்தது. பசுமைக் கட்சி வளர்ந்துவந்த காலம் அது. அந்நகர் அமைந்த ஹெஸ்ஸென் மாநில ஆட்சியிலும் அக்கட்சி பங்கேற்றது. அனுமதி இழுபட்டது. மரபணுத் தொழில்நுட்பத்தை வெளிப்படையாக அனுமதிக்கும் சட்டம் எதுவும் இல்லை என்ற காரணத்தால் ஆலை இயங்கக் கூடாது என்று 1989இல் காசெல் நகர நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990இல் சட்டம் வந்தது. உற்பத்தி தொடங்கியபோது ஆண்டு 1998. இடைப்பட்ட காலத்தில் ஜெர்மானிய நீரிழிவு நோயாளிகள் அதே மரபணு இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொண்டுதான் இருந்தனர். அது வெளிநாட்டில் தயாரானது. நோயாளிக்குப் பாதுகாப்பு கூடவில்லை. தொழில் மட்டும் இடம் மாறியது.

மருந்தில் தணிந்த எதிர்ப்பு உணவில் மூண்டது. ஐரோப்பியரின் இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. 1996இன் தொடக்கத்தில், மரபணு மாற்றிய தக்காளியின் விழுது பிரிட்டனின் பெரிய கடைகளில் அடையாளச் சீட்டோடு, சற்றுக் குறைந்த விலையில் விற்பனைக்கு வந்தது. மக்கள் தெரிந்தே வாங்கினர், நன்றாகவே விற்றது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், மாடுகளின் மூளையைத் தாக்கும் நோய் மாட்டிறைச்சி வழியே மனிதருக்கும் பரவியிருக்கக்கூடும் என்று பிரிட்டன் அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று அதுவரை ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவர்கள் அமைச்சர்களும் அவர்களின் அறிவியல் ஆலோசகர்களும்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து மரபணு மாற்றிய சோயா, சாதாரணச் சோயாவோடு கலந்து, அடையாளம் எதுவுமின்றி ஐரோப்பியத் துறைமுகங்களில் இறங்கியது. தக்காளியை ஏற்ற மக்கள் சோயாவை எதிர்த்ததற்குக் காரணம் அறிவியல் வேறுபாடு இல்லை. முதலாவதில் தேர்வு அவர்களிடம் இருந்தது. இரண்டாவதில் அது பறிக்கப்பட்டது. நம்பிக்கை உடைந்த வேளையில் கேட்காமல் திணித்ததே பெரும் தவறு.

1998 அக்டோபருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் புதிய மரபணு மாற்றப் பயிர் எதற்கும் அனுமதி தரவில்லை. அறிவிக்கப்படாத இந்தத் தடை 2004 மே வரை நீடித்தது. அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா ஆகியவை 2003இல் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 2006இல் வந்த தீர்ப்பு, பயிர்களின் பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்லாமல், அனுமதியில் தேவையற்ற காலதாமதம் நேர்ந்ததைக் குறை கூறியது. இதற்கிடையே ஐரோப்பா அடையாளச் சீட்டு விதியைக் கடுமையாக்கியது: உணவின் ஒரு மூலப்பொருளில் 0.9 விழுக்காட்டுக்கு மேல் மரபணு மாற்றப் பொருள் இருந்தால் அறிவிக்க வேண்டும். 2015இல் உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தன் மண்ணில் சாகுபடியைத் தடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையும் வந்தது. ஆனால் கால்நடைத் தீவனத்துக்காக மரபணு மாற்றச் சோயாவை ஐரோப்பா பெருமளவில் இறக்குமதி செய்துவருகிறது. அத்தீவனம் தின்ற விலங்கின் பாலுக்கும் இறைச்சிக்கும் அடையாளச் சீட்டு தேவையில்லை.

இந்த முரண்தான் உலகின் பயிர் வரைபடத்தை எழுதியது. தீவனமாகவும் இழையாகவும் எண்ணெயாகவும் பயன்படும் சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா ஆகிய நான்கிலும் மரபணு மாற்றம் பரவியது. மனிதர் நேரே உண்ணும் பயிர்களில் அது முடங்கியது. பூச்சியை எதிர்க்கும் உருளைக்கிழங்கை அமெரிக்க உழவர்கள் 1990களின் நடுவிலிருந்து பயிரிட்டனர். பெரிய துரித உணவு நிறுவனங்களும் வறுவல் உற்பத்தியாளர்களும் வேண்டாம் என்றதும் 2001இல் அது சந்தையை விட்டு நீங்கியது. களைக்கொல்லியைத் தாங்கும் கோதுமையை மான்சாண்டோ 2004 மே மாதத்தில் கைவிட்டது. அமெரிக்க அரசு அதற்குத் தடை விதிக்கவில்லை. ஜப்பானும் ஐரோப்பாவும் வாங்க மாட்டா என்ற அச்சத்தில் வட அமெரிக்கக் கோதுமை உழவர்களே அதை எதிர்த்தனர். அர்ஜென்டினா வறட்சி தாங்கும் கோதுமையை 2020இல் அனுமதித்தபோது, பிரேசில் இறக்குமதிக்கு ஒப்பினால்தான் விற்பனை என்று நிபந்தனை வைத்தது. வாங்குபவர் நாட்டின் கருத்து, விற்பவர் நாட்டின் சட்டத்தை விட வலிமையாக இருந்தது.

ஆப்பிரிக்கா இதன் கடுமையை உணர்ந்தது. 2002இல் அக்கண்டத்தின் தென்பகுதி நாடுகளில் பஞ்சம் பரவியது. ஜாம்பியாவில் மட்டும் 25 லட்சம் பேருக்கு மேல் உணவு தேவைப்பட்டது. அமெரிக்கா அனுப்பிய மக்காச்சோளத்தில் மரபணு மாற்றத் தானியமும் கலந்திருந்தது. அண்டை நாடுகள் சில, விதையாக முளைத்துவிடாதபடி மாவாக அரைத்துத் தந்தால் போதும் என்று ஏற்றன. ஜாம்பியக் குடியரசுத் தலைவர் லெவி முவனவாசா மாவையும் மறுத்தார். உணவின் பாதுகாப்பு பற்றிய ஐயத்தோடு, மரபணு மாற்றத் தானியம் உள்ளூர்ப் பயிரோடு கலந்தால் ஐரோப்பாவுக்கு விளைபொருள் அனுப்ப முடியாமல் போகும் என்ற கவலையும் அங்கே இருந்தது. இதில் பழியை முழுவதும் ஜாம்பியாவின் மேல் போடுவது எளிது. ஆனால் அது சரியன்று. ஒரு வல்லரசு தானியத்தைப் பிரித்துத் தர மறுத்தது. இன்னொரு பெரும் சந்தை அத்தானியத்தை ஐயத்தோடு பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர்கள் பசித்த மக்கள்.

கென்யாவில் ஒரே ஆய்வுக்கட்டுரை பத்தாண்டுக் கொள்கையாயிற்று. மரபணு மாற்ற மக்காச்சோளம் தின்ற எலிகளுக்குக் கட்டிகள் வந்தன என்று பிரான்சின் கில்-எரிக் செராலினி குழு 2012 செப்டம்பரில் வெளியிட்டது. அந்த நவம்பரிலேயே கென்யா இறக்குமதியைத் தடை செய்தது. முடிவுக்கு ஆதாரம் போதாது என்று கட்டுரையை வெளியிட்ட இதழ் 2013இல் அதைத் திரும்பப் பெற்றது. தடை மட்டும் 2022 அக்டோபர் வரை நீடித்தது.

விதிகள் கடுமையாகும்போது இன்னொன்றும் நடக்கிறது. பல நாடுகளில் பல ஆண்டுகள் நீளும் சோதனைகளுக்கும் ஆவணங்களுக்கும் ஆகும் செலவைப் பொதுத்துறைப் பல்கலைக்கழகமோ சிறு விதை நிறுவனமோ தாங்க இயலாது. பெருநிறுவனம் தாங்கும். 2017இல் சீன அரசு நிறுவனமான கெம்சைனா 4,300 கோடி டாலருக்கு சின்ஜென்டாவை வாங்கியது. 2018இல் பேயர் ஏறத்தாழ 6,300 கோடி டாலருக்கு மான்சாண்டோவை வாங்கியது. டோவும் டூபாண்டும் இணைந்து, அவற்றின் விதைத் தொழில் கார்டேவா ஆனது. இந்தக் குவிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், பெருநிறுவன ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த இயக்கம், அந்நிறுவனங்கள் மட்டுமே தாண்டக்கூடிய வேலியைக் கட்ட உதவியது என்பது வேதனையான உண்மை.

பொன்னிற அரிசியின் கதை இதைத் தெளிவாக்கும். சூரிச் நகரின் இங்கோ பொட்ரிகுஸ், ஃபிரைபர்க் நகரின் பீட்டர் பேயர் ஆகிய இருவரும் அரிசியில் பீட்டா கரோட்டின் உருவாகும்படி செய்து 2000 ஜனவரியில் வெளியிட்டனர். வைட்டமின் ஏ குறைவால் பார்வை இழக்கும் குழந்தைகளே அவர்களின் இலக்கு. பணம் பொதுத்துறையும் அறக்கட்டளையும் தந்தது, நோக்கம் அறப்பணி. ஆனால் பயன்படுத்திய நுட்பங்களைச் சுற்றி எழுபது காப்புரிமைகள் வரை இருந்தன. உரிமங்களைத் திரட்டி, ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் குறைவாக ஈட்டும் உழவர்களுக்குக் கட்டணமின்றித் தரலாம் என்ற ஏற்பாட்டை சின்ஜென்டாவுடன் செய்தனர். எதிர்ப்பியக்கங்கள் இதைப் பெருநிறுவனங்களின் நுழைவாயிலாகப் பார்த்தன. 2013இல் பிலிப்பைன்ஸில் சோதனை வயல் ஒன்று அழிக்கப்பட்டது. 2021இல் அந்நாடு சாகுபடிக்கு அனுமதி தந்தது. 2024 ஏப்ரலில் அதன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை நீக்கியது. கண்டுபிடிப்புக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே 24 ஆண்டுகள் ஓடிவிட்டன. களைக்கொல்லியைத் தாங்கும் பெருநிறுவனச் சோயாவுக்கு இத்தனை நீண்ட காத்திருப்பு நேரவில்லை.

இந்தியாவில் பூச்சி எதிர்ப்புப் பருத்தி 2002 மார்ச்சில் அனுமதி பெற்றது. கத்தரிக்காய் அவ்வாறு தப்பவில்லை. காய்ப்புழுவைத் தாங்கும் கத்தரிக்கான மரபணுவை மஹிகோ நிறுவனம் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் கட்டணமின்றி வழங்கியது. அமெரிக்க அரசின் உதவி நிதியில் கார்னெல் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த திட்டம் இது. கோவையில் கோ 2, எம்.டி.யூ 1, கே.கே.எம் 1, பி.எல்.ஆர் 1 ஆகிய நம் ஊர் ரகங்களில் அம்மரபணு சேர்க்கப்பட்டது. இவை வீரிய ஒட்டு ரகங்கள் அல்ல; உழவர் விதையெடுத்து மறுபடி விதைக்கலாம். 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, பி.டி. கத்தரி எனப்படும் இப்பயிருக்கு ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பு எழுந்ததும் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுவிசாரணை நடத்தி, 2010 பிப்ரவரி 9 அன்று காலவரையற்ற தடையை அறிவித்தார். அவருடைய விரிவான முடிவறிக்கை, மாநில அரசுகளின் எதிர்ப்பையும், சுதந்திரமான சோதனை அமைப்பு இல்லாததையும், செராலினி உள்ளிட்ட வெளிநாட்டு அறிவியலாளரின் ஐயங்களையும் எடுத்துக்காட்டியது. மக்களைக் கேட்டது சரியே. கேட்டபின் என்னென்ன சோதனை செய்தால் தடை நீங்கும் என்று காலக்கெடு வகுக்காமல் விட்டது குறை. கேம்பிரிட்ஜ் நகர மன்றம் மாதங்களில் முடித்த வேலை இங்கே பதினைந்து ஆண்டுகள் கடந்தும் முடியவில்லை. அதே மரபணுவைக் கொண்ட கத்தரியை வங்கதேசம் 2013 அக்டோபரில் அனுமதித்து, மறு ஆண்டு ஜனவரியில் 20 உழவர்களிடம் நாற்றுகளைக் கொடுத்தது.

பயிரில் சந்தை செய்ததை மருத்துவத்தில் நிதி செய்தது. மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்க்கும் முறையை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் 1998இல் கண்டறிந்தார். கருவை அழிக்கும் ஆய்வுக்கு அமெரிக்க நடுவணரசின் பணம் செல்லக் கூடாது என்று 1996 முதலே சட்டம் இருந்தது. எனவே அவருக்கு ஜெரான் என்னும் தனியார் நிறுவனம் பணம் தந்தது. 2001 ஆகஸ்ட் 9 அன்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், அந்நாளுக்கு முன் உருவான செல் வரிசைகளுக்கு மட்டுமே அரசு நிதி என்று அறிவித்தார். தகுதியுள்ளவை என்று முதலில் பட்டியலிட்ட அறுபதுக்கும் மேற்பட்ட வரிசைகளில் மும்பை ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸின் ஏழும், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் மூன்றும் இருந்தன. பட்டியலில் பெரும்பகுதி பயன்படாமல், ஆய்வாளர் கைக்கு வந்தவை இருபதை ஒட்டியே நின்றன. அரசுப் பணத்தில் வாங்கிய நுண்ணோக்கியைக்கூடப் புதிய செல்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் பல்கலைக்கழகங்கள் தனி ஆய்வுக்கூடங்களைக் கட்டின.

ஆயினும் மக்கள் கருத்து ஒருமுகமாக இல்லை. கலிஃபோர்னிய வாக்காளர்கள் 2004 நவம்பரில் 59 விழுக்காடு ஆதரவோடு, இந்த ஆய்வுக்காக 300 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட ஒப்புதல் தந்தனர். பிரிட்டனில் வார்னாக் குழு 1984இல் வகுத்த 14 நாள் வரம்பு 1990இல் சட்டமாகியிருந்தது. பிரிட்டன் ஆய்வாளர்களுக்கு எல்லை தெரிந்திருந்தது. எல்லைக்குள் அச்சமின்றி உழைத்தனர். சிங்கப்பூர் 2003இல் பயோபோலிஸ் வளாகத்தைத் திறந்து வெளிநாட்டு அறிவியலாளரை வரவேற்றது. கருவைத் தொடாமலே முதிர்ந்த செல்லை ஸ்டெம் செல்லாக்கும் வழியை ஜப்பானின் ஷின்யா யமனகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டினார்; 2012இல் நோபல் பரிசு பெற்றார். தடைதான் இந்தப் புதுவழியைத் திறந்தது என்று சிலர் சொல்வதுண்டு. முழு உண்மை அதுவன்று: எவை ஸ்டெம் செல்லின் இயல்புகள் என்று ஒப்பிட்டுச் சோதிக்க, கருவிலிருந்து எடுத்த செல்களின் அறிவே அவருக்கும் அடிப்படை. அமெரிக்காவில் ஒபாமா 2009 மார்ச்சில் புஷ்ஷின் கட்டுப்பாட்டை நீக்கினார். அதற்குள் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

ஆட்சி மாறும்போது அறிவியலின் நிதியும் மாறுவது இன்றும் தொடர்கிறது. கோவிட் தடுப்பூசிகளால் கோடிக்கணக்கானோரைக் காத்த எம்.ஆர்.என்.ஏ. நுட்பம் 2023இல் நோபல் பரிசு பெற்றது. அந்நுட்பத்தில் புதிய தடுப்பூசிகளுக்கான 22 திட்டங்களை, ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, அமெரிக்க நலவாழ்வுத் துறை 2025 ஆகஸ்டில் நிறுத்துவதாக அறிவித்தது. தடுப்பூசி ஐயம் ஓர் அரசியல் சக்தியாக வளர்ந்ததன் விளைவு இது. அடுத்த கொள்ளைநோய்க்கு எதிராக அமெரிக்கா எதைத் தயாரிக்கவில்லையோ அது பிற நாடுகளுக்கும் கிடைப்பது தாமதமாகலாம்.

மரபணுத் திருத்தம் வந்தபின் பழைய வழக்கு புதிதாகத் தொடங்கியுள்ளது. ஜெனிஃபர் டௌட்னா, இமானுவேல் ஷார்பான்டியே இருவரும் 2012இல் விளக்கிய கிரிஸ்பர் முறையில், வேற்று மரபணு எதையும் சேர்க்காமல் பயிரின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம் செய்யலாம். இத்தகைய பயிரைப் பழைய விதியில் அடைக்க வேண்டியதில்லை என்று 2015இல் முதலில் வகுத்த நாடு அர்ஜென்டினா. சிலி, பிரேசில், கொலம்பியா பின்தொடர்ந்தன. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில், இதுவும் மரபணு மாற்றப் பயிரே என்று தீர்ப்பளித்தது; 2023இல் ஐரோப்பிய ஆணையமே அந்த விதியைத் தளர்த்த முன்மொழிந்தது. இந்தியா 2022 மார்ச்சில் வேற்று மரபணு இல்லாத திருத்தப் பயிர்களுக்கு விலக்களித்தது. 2025 மே மாதத்தில் டி.ஆர்.ஆர். தான் 100, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 ஆகிய இரு நெல் ரகங்களை அறிவித்தது. இரண்டும் பொதுத்துறை ஆய்வு நிலையங்களின் உழைப்பு. இம்முறை இந்தியா ஐரோப்பாவின் முடிவுக்காகக் காத்திராதது வரவேற்கத்தக்கது. ஆனால் ஆய்வுத் தரவுகளை முழுமையாக வெளியிட்டு மக்களிடம் விளக்கும் கடமை இன்னும் எஞ்சியிருக்கிறது.

வாங்கும் வலிமை கிழக்கு நோக்கி நகர்ந்திருப்பதையும் கருத வேண்டும். உலகச் சந்தைக்கு வரும் சோயாவில் பாதிக்கு மேல் சீனா வாங்குகிறது. தான் அனுமதிக்காத சின்ஜென்டா ரகம் கலந்திருந்ததென்று 2013 முதல் அமெரிக்க மக்காச்சோளக் கப்பல்களைச் சீனா திருப்பியனுப்பியது. விலை சரிந்ததால் அமெரிக்க உழவர்கள் தொடுத்த வழக்குகளைத் தீர்க்க அந்நிறுவனம் 151 கோடி டாலர் தர இசைந்தது. அமெரிக்காவில் சட்டப்படி விற்ற விதைக்கே இந்த நிலை.

பிறர் சந்தையையும் பிறர் அச்சத்தையும் நம்பிக் கொள்கை வகுக்கும் நாடு, தன் உழவரின் தேவையைத் தானே முடிவு செய்ய இயலாமல் போகும். இந்தியாவுக்குத் தேவையானவை சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையமும், பொதுத்துறை ஆய்வுக்குத் தடையில்லா நிதியும், முடிவுக்கு முன்பே மக்களைக் கேட்கும் வழக்கமும் ஆகும். உயிரித் தொழில்நுட்ப ஒழுங்குமுறை ஆணைய மசோதா 2013இல் மக்களவையில் அறிமுகமாகி, மறு ஆண்டு அவை கலைந்ததும் காலாவதியானது. மரபணு மாற்றக் கடுகு வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அப்பயிருக்கு அளித்த அனுமதி செல்லுமா என்பதில் மாறுபட்டனர். ஆனால் மாநிலங்களையும் உழவரையும் வல்லுநரையும் கலந்து நடுவணரசு ஒரு தேசியக் கொள்கையை வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். அக்கொள்கையைக் காலக்கெடுவோடு எழுதி முடிக்க வேண்டிய பொறுப்பு நடுவணரசுடையது. அதை எழுதும்படி விடாமல் கேட்க வேண்டியவர்கள் வேளாண் பல்கலைக்கழகங்களும் உழவர் அமைப்புகளும் மாநில அரசுகளும்.